சூளையில் அழியாத சாவி

கத்திரி 2, திங்கள்

வெயில். வேறு செய்தி இல்லை. மே மாதத் தேதிகளை ஒழித்துவிட்டேன், இனி கத்திரிக் கணக்குதான். காலையிலேயே தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. மணிமுத்தாற்றில் தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்டால் பாலக்கரையில் யாருக்கும் நினைவில்லை.

பிளஸ் ஒன் முடிந்த லீவு. வீட்டில் விட்டால் தெருவே புகார் கொடுக்கும் என்று அம்மா என்னையும் பொம்மைக் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு அடியில் பீங்கான் முட்டை வைத்தது நான்தான் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கோழி மிகுந்த நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறது.

என் வேலை: பிசிறு தேய்ப்பது. அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் பொம்மை மேல் ஒரு கோடு நிற்கும். ஈர ஸ்பாஞ்சால் அதை எடுக்க வேண்டும். அம்மாவின் வேலை: முகம் எழுதுவது. அணில்வால் பிரஷ். கண் வைக்கும்போது மூச்சு விடமாட்டாள், பக்கத்தில் இருப்பவரையும் விட விடமாட்டாள்.

இந்த மாத ஆர்டர் கொலு செட் இல்லை. பரங்கிப்பேட்டை தாண்டிக் கடற்கரையில் பெரிய ஓட்டல் ஒன்று கட்டுகிறார்களாம். வாசல் ஹாலில் வைக்க ஒரு பழைய காலத்துக் கடலோரக் கிராமம், முழுக்கப் பொம்மையில். படம் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். உப்பளம். கூடையில் உப்பு சுமக்கும் பெண்கள், வரிசையாக. குடைக்குக் கீழே பண்ணையார். ஓடுவதா இருப்பதா என்று மூட்டையோடு நிற்கும் மீனவக் குடும்பம். கரையில் ஈட்டி பிடித்த சிப்பாய்கள். தூரத்தில் எவனோ வெளிநாட்டான் கப்பல்கள், பாய் விரித்தபடி. நாளைக்குச் சண்டை. இன்றைக்கு உப்பு சுமந்தாக வேண்டும்.

சரோஜா அக்கா அச்சுக்குள் மண்கூழ் ஊற்றுகிறவர். கம்பெனிக்கே வாய். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கப்பலு வந்தா பண்ணையாரு ஓடிருவாரு. உப்பு மூட்டைய யாரு தூக்கியாறதுன்னுதான் நிக்கிறாரு பாவம்."

முதலாளி இனி மு. முழுசாக எழுதும் அளவுக்கு அவர் எனக்கு எதுவும் செய்துவிடவில்லை.

முக்கியமான விஷயம். கம்பெனியில் ஒரே ஒரு கக்கூஸ். ஆபீஸ் கட்டடத்துக்குள். டைல்ஸ் போட்டது, பூட்டியது. சாவி மு. இடுப்பில், பச்சைக் கயிற்றில். மு.வுக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி போவார். மற்றவர்களுக்குக் கிடையாது. எப்போதோ யாரோ மண் கையை உள்ளே கழுவி, மண் குழாயில் போய் உட்கார்ந்து, காய்ந்து, தரையை உடைத்து எடுத்தார்களாம். அன்றிலிருந்து பெண்களுக்குப் பின்பக்கத்துக் கருவேலங்காடு. தை மாதம் அதையும் யாரோ வாங்கி வேலி போட்டுவிட்டார்கள்.

ஆகவே எங்கள் கம்பெனிப் பெண்கள் ரொம்ப அடக்கமானவர்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை ஒரே அடக்கம். தண்ணீர் குடிப்பதில்லை. கத்திரி வெயிலில், சூளைக்குப் பக்கத்தில், தண்ணீர் குடிப்பதில்லை. பீங்கான் என்ற சொல்லிலேயே இருக்கிறது. பீங்கான் கம்பெனியில் இல்லை.

(அம்மா இதைப் படித்தால் கொல்வாள்.)

மாசியில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம், ஊசி. டாக்டர் சொன்னது, நிறையத் தண்ணீர் குடிக்கணும். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். லீவில் வந்த அண்ணன் தன் பட்டாளத்துத் தண்ணீர் பாட்டிலை, பச்சைத் துணி உறை போட்டது, அம்மாவிடம் கொடுத்தான். "வேலைக்கு எடுத்துட்டுப் போம்மா." அது சாமி அலமாரியில் முருகர் பக்கத்தில் நிற்கிறது. விபூதி பூசாததுதான் பாக்கி.

அண்ணன் கார்த்தி. வடக்கே எல்லையில் சிப்பாய். வீட்டுக்குக் கூரை ஷீட் மாற்ற வந்திருக்கிறான். டிவியில் நாள் முழுக்க எல்லை, பதற்றம், அம்புக்குறி போட்ட வரைபடம். போர் வருமா வராதா என்று கேட்டுக் கேட்டே போர் அடிக்கிறார்கள். அண்ணன் சமையல் நிகழ்ச்சி வைத்துப் பார்க்கிறான்.

இன்றைய சாதனை. இதற்குக் கம்பெனி ரகசியம் ஒன்று தெரிய வேண்டும். காய்ந்த பொம்மையும் வெள்ளை, அதன் மேல் ஊற்றும் பளபளப்புப் பூச்சும் வெள்ளை. எதற்கு ஊற்றியாயிற்று என்று தெரியாமல் போய்விடும். அதனால் பூச்சில் கேக்குக்குப் போடும் ரோஸ் கலரைக் கொஞ்சம் கலப்பார்கள். சூளைக்குள் போனால் ரோஸ் எரிந்து காணாமல் போகும். இதில் நம் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மு. மேல் கோபம் வந்தால் அந்த ரோஸ் தண்ணீரைத் தொட்டுப் பொம்மையின் முதுகில், அடியில், எழுதிவிடுவார்கள். திட்டு, படம், எல்லாம். பிள்ளையார் பீடத்துக்கு அடியில் சரோஜா அக்கா ஒருமுறை எழுதியதை இங்கே எழுத முடியாது. பிள்ளையார் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சூளை எல்லாவற்றையும் தின்றுவிடும். பொம்மை பளிச்சென்று வரும், எழுதியவளுக்கு மனசு லேசாகும்.

இன்று என் முறை. பண்ணையாரின் தொப்பை நல்ல அகலம், சிலேட்டு மாதிரி. அதில் ரோஸில் ஒரு பெரிய சாவி. இடுப்புக் கயிற்றோடு. சரோஜா அக்கா சிரித்ததில் மண்கூழ் சிந்திவிட்டது. அம்மா, "போயி கைய கழுவு" என்றாள். ஆனால் வாய் ஓரம் துடித்ததைப் பார்த்தேன்.

இன்னொன்று. ஒரு சிப்பாய்க்கு அம்மா வலது கன்னத்தில் மச்சம் வைத்தாள், அண்ணனுக்கு இருக்கும் அதே இடத்தில். கேட்டதற்கு, "பிரஷ்ஷு தவறிப் பட்டுடுச்சு."

அம்மாவின் பிரஷ் தவறியதே இல்லை.

கத்திரி 3, செவ்வாய்

காற்று இல்லை. வேப்பமரம் ஃபோட்டோ மாதிரி நிற்கிறது.

மதியம் சரோஜா அக்கா முன்னால், அம்மாவும் மற்றவர்களும் பின்னால், ஆபீஸ் வாசலில். நான் ஸ்பாஞ்சோடு கடைசியில்.

"மொதலாளி, அந்த கக்கூஸ் சாவிய வெளிய ஒரு ஆணியில மாட்டி வுட்டுருங்க. நாங்க பாத்து சுத்தமா வெச்சுக்குறோம்."

மு. டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏம்மா, நாட்டுல யுத்தம் வரப்போவுது. எல்லையில அவனவன் சோறு தண்ணி இல்லாம நிக்கிறான். இப்ப வந்து கக்கூஸு கேக்குறீங்க."

"அவங்களுக்கு அங்க மலையும் காடும் இருக்குது மொதலாளி. எங்க காட்டுக்கு வேலி போட்டுட்டாங்க."

"போன தடவ கொழா அடச்சதுக்குத் தரையவே ஒடச்சேன். மறந்துட்டீங்களா? சூளைக்கு எரிக்க கேஸு வருமான்னே தெரியல. கடல்ல கப்பலு நின்னா இங்க சூளையும் நின்னுரும். ஓட்டல்காரன் வேற தெனம் போன் பண்றான். யுத்தமெல்லாம் முடியட்டும், பாப்போம்."

அதுவரை பேசாத அம்மா மெதுவாகக் கேட்டாள். "எந்த யுத்தம் சார்?"

மு. இப்போதுதான் திரும்பினார். "செல்வி, ஒம் புள்ளயே பட்டாளத்துல இருக்கான். நீயே இப்படிக் கேக்கலாமா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அது ஆட்டத்தில் சேராத அடி. எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்தோம். யாரும் ரோஸ் தொடவில்லை. அவ்வளவு கோபம்.

சாயங்காலம் அண்ணனுக்கு போன். லீவு ரத்து. வியாழக்கிழமை வண்டி ஏற வேண்டும். லீவ் என்றால் இங்கிலீஷில் கிளம்பு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பட்டாளத்துக்கு இரண்டாவது அர்த்தம்தான் பிடிக்கும் போல.

அம்மா உடனே முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டாள்.

கத்திரி 4, புதன்

சூளை ஏற்றினோம். முதல் தட்டில் கப்பல்கள், நடுவில் சிப்பாய்கள், கதவுப் பக்கம் பண்ணையார். உப்புக்காரப் பெண்கள் எல்லாருக்கும் அடியில். சூளைக்குள்ளும் அதே வரிசை.

அண்ணன் கூரையில். பாதி ஷீட் மாற்றியாயிற்று. மீதியை இன்றைக்கே முடிக்கிறான். "எறங்குடா, வெயிலு மண்டையப் பொளக்குது" என்று அம்மா கீழேயிருந்து. "அங்க பனியில நின்னவன்தானம்மா, கொஞ்சம் காயட்டும்" என்று அவன் மேலேயிருந்து.

பையில் போனவை: முறுக்கு, எள்ளுருண்டை, ஊறுகாய், தேங்காய் எண்ணெய், கோயில் விபூதி. யாருக்கும் தெரியாமல் போனது: பீங்கான் முட்டை ஒன்று, சாக்ஸுக்குள். கோழிக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன். கோழிக்கு விடுதலை, முட்டைக்கு எல்லை.

அப்பா லாரியோடு ஒடிசா பக்கம். போனில் அண்ணனோடு ரொம்ப நேரம் பேசினார். அண்ணன் "ம்" மட்டும் சொன்னான்.

கத்திரி 5, வியாழன்

ஜங்ஷன். நிழல் இருக்கும் தூணுக்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள்.

வண்டி வரும் முன் மு.வின் கார் வந்தது. கையில் பொன்னாடை. கூடவே போனில் படம் பிடிக்க ஒருவர். "நம்ம கம்பெனிப் புள்ள" என்று சொல்லி அண்ணன் தோளில் போர்த்தினார். போருக்குப் போகிறவனுக்குப் போர்த்துகிறார்கள், கத்திரி வெயிலில். பிளாட்பாரத்தில் நாலு பேர் கை தட்டினார்கள். அண்ணன் கும்பிட்டான். மு.வின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்குக் குழப்பம். பொய்யாகக் கலங்கியிருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

வண்டி நின்றதும் அண்ணன் பொன்னாடையை மடித்து என் கையில் வைத்தான்.

"எலி. ஒனக்கு ஒரே ஒரு டூட்டி." அண்ணனுக்கு நான் எலி.

"சொல்லு."

"அம்மாவத் தண்ணி குடிக்க வையி. மறுபடி ஜுரம் வந்துச்சுன்னா அங்க எனக்குக் கை ஓடாது. மத்தது எல்லாம் பாத்துக்கலாம்."

"அங்க பயமா இருக்குமா?"

"முறுக்கு தீந்துபோனா பயமா இருக்கும்."

வண்டி போய்விட்டது. அம்மா அழவில்லை. அண்ணன் உட்கார்ந்திருந்த சிமெண்ட் பெஞ்சை முந்தானையால் துடைத்தாள், எதற்கென்று தெரியவில்லை.

மு. கூப்பிட்டார். "வெயிலா இருக்குது செல்வி, காருல ஏறு, வுட்டுர்றேன்."

"பஸ்ஸுல போயிக்கிறோம் சார். ரொம்ப நன்றிங்க." இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள்.

அண்ணனுக்கு நன்றி, கூரைக்கு. ராத்திரி முழுக்கத் தெரிகிறது, ஓட்டை இருந்த இடத்தில் நட்சத்திரம் இல்லை.

கத்திரி 7, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் சூளை திறந்தார்கள். மு.வும் நின்றார். கப்பல்கள் நன்றாக வந்திருந்தன. சிப்பாய்களில் ஒருத்தனுக்குக் கழுத்தில் விரிசல். உடனே கன்னத்தைப் பார்த்தேன். மச்சம் இல்லை. அவன் இல்லை. அப்பாடா என்று நினைத்த கையோடு வெட்கமாகப் போயிற்று. அவனும் யாரோ ஒருத்தியின் அண்ணன்தானே.

அப்புறம் பண்ணையார் வெளியே வந்தார்.

தொப்பையில் சாவி. நீலத்தில். அழகான, ஆழமான, மயில் கழுத்து நீலம். கயிற்றின் முறுக்குகூடத் தெரிகிறது.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. அன்றைக்கு மேஜையில் இரண்டு கிண்ணம். ஒன்றில் கேக் கலர். இன்னொன்றில் கடலுக்குப் பூசுகிற நீலப்பொடி. அது சுடுகிறவரைக்கும் மங்கலான ரோஸாகத்தான் இருக்கும், நெருப்பில்தான் நீலமாகும். பிரஷ்ஷை நான் எந்தக் கிண்ணத்தில் தொட்டேன் என்று பார்க்கவே இல்லை. சிரிக்கிற அவசரம்.

மு. பொம்மையைப் பார்த்தார். அவர் கை தானாகவே தன் இடுப்புக்குப் போனது. அங்கே சாவி. அதைப் பார்த்ததும் சரோஜா அக்காவுக்கு விக்கல் மாதிரி ஒரு சத்தம். அதை அடக்கப் போய்ப் பக்கத்தில் இருந்தவருக்கு. அப்புறம் ஷெட்டே சிரித்தது. வருஷக்கணக்காக ரோஸில் எழுதி எரித்ததெல்லாம் சேர்ந்து சிரித்தது.

"யாரு இது?"

சிரிப்பு நின்றது.

"செல்வி, ஒன் டேபிளு. அழி இத."

"சுட்டதுக்கு அப்பறம் அழியாது சார்."

"அப்ப நீயும் நாளையிலேருந்து வராத."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள், நன்றாக. இன்னும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். கிண்ணம் மாறியது, எல்லாம். அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். பாலை வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"நாங்களும் இத்தினி வருஷமா எழுதிக்கிட்டுதான் இருக்கோம். ஒண்ணுகூட நின்னதில்ல. ஒன்னுதுதான் நின்னுருக்குது."

"வேல போச்சேம்மா."

"போச்சு." பாலை இறக்கி வைத்துவிட்டு, "கயிறு நல்லா வந்துருக்குது" என்றாள்.

சாயங்காலம் சரோஜா அக்கா வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமையிலிருந்து யாரும் பிரஷ் தொடப் போவதில்லை. சாவி ஆணிக்கு வரணும், செல்வி உள்ள வரணும். "அதுவரைக்கும் பண்ணையாரே உப்பு தூக்கட்டும்."

பயமாக இருக்கிறது. என் சாவிக்கு அவர்கள் எல்லாரும் பூட்டுப் போடுகிறார்கள்.

கத்திரி 8, ஞாயிறு

அண்ணன் மெசேஜ்: சேர்ந்தாச்சு. சிக்னல் கம்மி.

அம்மா சாமி அலமாரியைத் துடைத்தாள். பாத்திரம் எல்லாம் விளக்கினாள். மறுபடி அலமாரியைத் துடைத்தாள். பாட்டில் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டு, பாட்டிலை நகர்த்தவே இல்லை.

டிவியில் அம்புக்குறிகள் கொழுத்துவிட்டன.

நாளைக்கு அம்மா தன் பிரஷ்களை எடுத்து வரப் போகிறாள். நானும் போய் மு.விடம் நேராகச் சொல்லிவிடுவது. மிதிக்க முடியாத தூரத்தில் நிற்க வேண்டும்.

கத்திரி 9, திங்கள்

இன்றைக்கு நடந்ததை யாரிடம் சொன்னாலும் நான் அளக்கிறேன் என்பார்கள். என் கடந்தகாலம் அப்படி.

காலையில் மைக் கட்டிய ஆட்டோ. யுத்தம் வந்தால் என்ன செய்வது என்று கம்பெனிகள் இருக்கும் எஸ்டேட் முழுக்க ஒத்திகையாம். சைரன் ஊதினால் எல்லாரும் கான்கிரீட் கட்டடத்துக்குள் போக வேண்டும். மறுபடி ஊதும்வரை ஒருத்தரும் வெளியே வரக்கூடாது.

நாங்கள் போனபோது பெண்கள் கேட் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கையெல்லாம் மண். வேலை செய்யவில்லை, ஆனால் தொட்டியில் மண்கூழ் இறுகிவிடும் என்று கிளறிவிட்டு வந்திருக்கிறார்கள். சண்டை மு.வோடுதான், மண்ணோடு இல்லையாம்.

மு. கேட் அருகே. பக்கத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த ஒருவர், விசிலோடு.

நேராகப் போய் நின்றேன். "சார், அந்தச் சாவிய வரஞ்சது நானு. அம்மாவுக்குத் தெரியாது. சூளையில எரிஞ்சிரும்னு நெனச்சேன்."

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குத் தெரியவே போவதில்லை. சைரன் ஊதியது.

விசில்காரர் எல்லாரையும் துரத்தினார். "ஷீட்டுக்குக் கீழ நிக்காதீங்க. ஆபீசுக்குள்ள போங்க. பாட்டிம்மா, கூடைய வுட்டுட்டு வாங்க. சார், நீங்களுந்தான்."

ஆக எல்லாரும் ஏ.சி. ஆபீசுக்குள். பெண்கள் அங்கே நுழைவது முதல் தடவை. நுழைந்த உடனே ஏ.சி.யையும் லைட்டையும் அணைக்கச் சொல்லிவிட்டார் விசில்காரர். நம் அதிர்ஷ்டம். திரையை இழுத்துவிட்டு எல்லாரும் தரையில். மு.வும் தரையில். ஜன்னலோரம் நீலச்சாவிப் பண்ணையார் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

வெந்து போனோம். விசில்காரர் தண்ணீர் கேனைத் திறந்தார். "குடிங்க எல்லாரும். மயக்கம் போட்டு வுழுந்தா தூக்குறதுக்கு நான் ஒருத்தன்தான்."

யாரும் நகரவில்லை. சரோஜா அக்கா எழுந்தார். ஒரு சொம்பு நிறைய வாங்கி, மு.வைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல் குடித்தார். இன்னொரு சொம்பு. அப்புறம் ஒவ்வொருத்தராகக் குடித்தார்கள். குடிக்கிற சத்தம் மட்டும். தண்ணீர் குடிப்பதைப் பார்த்து இவ்வளவு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. சரோஜா அக்கா கையை நீட்டினார்.

"மொதலாளி. சாவி."

மு. விசில்காரரைப் பார்த்தார். அவர் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வெளிய யாரையும் வுட முடியாது சார். உள்ள இருக்குறத தொறந்து வுடுங்க."

சாவி கயிற்றோடு வந்தது. சரோஜா அக்கா கதவைத் திறக்கப் போனபோது அம்மா, "இரு" என்றாள். மூலையில் இருந்த மாப் வாளியில் தண்ணீர் பிடித்து, கதவுக்கு வெளியே வைத்தாள். "மொதல்ல கையி, அப்பறம் காலு. அதுக்கப்பறம்தான் உள்ள. ஒரு பொட்டு மண்ணு கொழாய்க்குப் போவக் கூடாது."

வரிசை. ஒவ்வொருத்தராக வாளியில் கையை அலசி, காலைத் தேய்த்து, உள்ளே. வாளித் தண்ணீர் பால் மாதிரி ஆயிற்று. மு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்குப் போயிருக்க வேண்டிய மண் எல்லாம் வாளியில்.

நானும் வரிசையில். பின்னால் ஏதோ நகர்ந்தது. திரும்பினால் மு. சர்க்கரை வியாதிக்கு ஒத்திகையா நிஜமா என்று தெரியாது.

"வாங்க மொதலாளி, முன்னாடி போயிருங்க" என்றார் சரோஜா அக்கா. குரலில் தேன்.

"இல்ல, இல்ல. போங்க நீங்க."

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. இத்தனை வருஷத்துப் பாக்கி. மு. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். மறுபடி மாறினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது என்ன உணர்ச்சி என்று எங்கள் பெண்களுக்கு மனப்பாடம்.

என் காதுக்குப் பக்கத்தில் மெதுவாக:

"நீதான் வரஞ்சியா."

"ஆமா சார்."

"கயிறெல்லாம் வரஞ்சிருக்க."

"ஆமா சார்."

"மூணு பல்லு போட்டுருக்க. இந்தச் சாவிக்கு ரெண்டுதான்."

"அடுத்த தடவ சரியா போடறேன் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போ, ஒன் மொற வந்துடுச்சு. கைய நல்லா கழுவு."

இரண்டாவது சைரன். கதவு திறந்தது. வெயில்கூடக் குளிர்ச்சியாக இருந்தது. அம்மா தன் பிரஷ்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். நான் பின்னால்.

"செல்வி. பிரஷ்ஷ எங்க எடுத்துட்டுப் போற. மீனவன் பொண்டாட்டிக்கு இன்னும் கண்ணு வெக்கல."

அம்மா நின்றாள். திரும்பவில்லை. "சாவி எங்க இருக்கும் சார்?"

மு. கையில் இருந்த பச்சைக் கயிற்றைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"ஆணி இருக்குதா யாருகிட்டயாவது?"

சரோஜா அக்கா மடியிலிருந்து ஒன்றை எடுத்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து வைத்திருந்தாராம்.

ஏற்பாடு: வாளி கதவுக்கு வெளியே, தினம் ஒருத்தர் முறை. ஆபீஸ் பின்கதவு திறந்திருக்கும். எனக்குத் தண்டனை, புதுப் பண்ணையார் நானே ஊற்றி, நானே பிசிறு தேய்த்து, அம்மா மேற்பார்வையில். பழையதை ஓட்டலுக்கு அனுப்ப முடியாது. மு. அதை ஆபீஸ் ஜன்னலோரத்திலேயே விட்டுவிட்டார், தொப்பை சுவர்ப் பக்கமாக. பரவாயில்லை. முதுகும் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

இன்றைய நன்றி: சைரனுக்கு. விசில்காரருக்கு. வாளிக்கு. சரோஜா அக்காவின் இரண்டாவது சொம்புக்கு. மு.வுக்கும், வரிசையில் நின்றதற்கு. முழுசாக எழுத மாட்டேன், ஆனால் நன்றி.

கத்திரி 11, புதன்

மேகம் மாதிரி ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

விடியும்போதே அண்ணன் போன். பின்னால் காற்றுச் சத்தம்.

"சாக்ஸுல முட்ட வெச்சது எவ?"

"கோழியா இருக்கும்."

"எங்க ஆளு ஒருத்தன் நெஜ முட்டன்னு வேக வெச்சிட்டான்டி. அர மணி நேரம் கொதிச்சிது." சிரித்தான். நிறையப் பேர் சிரிப்பது கேட்டது. யார் யாரோ. எந்த ஊரோ.

"சண்ட வருமாண்ணா?"

"தெரியல எலி. நிக்கிறோம்." கொஞ்சம் காற்று. "டூட்டி என்னாச்சு?"

சாவிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். வரிசையில் மு. வந்த இடத்தில் லைன் போய்விட்டது. மீதியை எழுதி வைத்திருக்கிறேன், வரும்போது படித்துக் காட்டணும். வரணும்.

அம்மா இன்றைக்கு சீக்கிரமே கிளம்பிவிட்டாள், வாளி முறை அவளுடையது. எனக்கு இட்லி மூடி வைத்திருந்தாள். தின்றுவிட்டு, விபூதி வைத்துக்கொள்ள சாமி அலமாரிக்குப் போனேன்.

முருகர். விபூதித் தட்டு. பக்கத்தில் துடைக்காமல் விட்ட ஒரு வட்டம், பாட்டில் நின்ற இடம். பாட்டில் இல்லை.